மாமா வாங்கி வராத வாஷர்

1. மாமாவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அப்பா காருக்கு ஆயில் மாற்றினார்.
2. ஆயில் வாங்கப் போன மாமா, வாஷர் வாங்காமல் வந்தார்.
3. பழைய வாஷரையே திரும்பப் போட்டார்கள். பிளக்கின் மரையில் மாமா பட்டு நூல் சுற்றிக் கொடுத்தார்.
4. மறுநாள் பாலாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தப் பிளக் கழன்று விழுந்தது. ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டி, இன்ஜின் இறுகி நின்றுபோனது.
5. நல்ல நேரம் முடிந்த பிறகுதான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.
6. மாமா எங்கள் வீட்டை விட்டுப் போனார்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் இந்த வரிசையில்தான் சொல்வார்கள். இதில் பொய் எதுவும் கிடையாது. நானும் வெகுகாலம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஒரகடம் பக்கத்தில் இன்ஜின் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். கசிவு சோதிப்பது என் வேலை. காருக்கு ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த வாஷரையும் மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. மாற்றிவிடுங்கள் என்பேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில் ஒரு துளை இருக்கும். அதை அடைக்கும் திருகாணிதான் பிளக். பிளக்குக்கும் தொட்டிக்கும் நடுவே உட்காரும் மெல்லிய செம்பு வளையம் வாஷர். முடுக்கும்போது அது தன்னை நசுக்கிக்கொண்டு இடுக்கை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடும். இரண்டாம் முறை அவ்வளவு நன்றாக நசுங்காது. இதுதான் பதில். கேட்டவர்கள் சரியென்று போய்விடுவார்கள். நான்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருப்பேன்.

அப்பா வாடகைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய வெள்ளைக் கார். கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்களை ரயிலடியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து சாப்பாட்டுக்கும் ஏற்றி இறக்குவார். புடவை பிடிக்காமல் முகம் சுளித்த பெண்களை ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஒரு சுற்று கூட்டிப்போய்த் திரும்பக் கடைக்கே கொண்டுவந்துவிடும் சாமர்த்தியம் அவருக்கு உண்டு. வண்டி விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் வர மாட்டார். வாசலில் மரப்பலகைகளைப் போட்டு, முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, கோணியை விரித்து அடியில் படுத்துக்கொண்டு தானே ஆயில் மாற்றுவார். ஒவ்வொரு தடவையும் புது வாஷர்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் போய்விட்டதால் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில்தான் இருந்தார். முன் அறையில் அவருடைய தறி. அக்கா புருஷன் என்பதால் அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். அப்பா அவரை மச்சான் என்பார். மாமாவின் தறியில் எதுவும் வீணாகாது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி முழத்தை அறுத்தெறிய மாட்டார்கள். அது தறியிலேயே இருக்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடு, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முறுக்கிப் பிணைப்பார்கள். பழசைப் பிடித்துக்கொண்டுதான் புதுசு உள்ளே போகும். நாளெல்லாம் அப்படி உட்கார்ந்து பிணைக்கிற மனுஷனுக்கு, நன்றாக இருக்கிற செம்பு வளையத்தைத் தூக்கிப்போடுவது பெரிய பாவமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

"இதுல இன்னா கெட்டுப்போச்சு மாமா? பளபளன்னு இருக்குது. திருப்பிப் போடு, இன்னொரு ரவுண்டு வரும்" என்பார்.

"உன் வேட்டிய உள்பக்கம் வெளிய திருப்பிக் கட்டிக்கினு போறியே, அது மாதிரி நெனச்சிக்கினியா?" என்று காருக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"பாவு முடிஞ்சிதுன்னா தறியவே கழட்டிக் கடாசிட்றோமா?"

"தறி நூறு கிலோமீட்டர் ஓடாதுடா மச்சான்."

அம்மா உள்ளே இருந்து, "ரெண்டு பேரும் அந்த வளையத்துக்குக் காது குத்தி மூக்கு குத்துங்க, யாரு வேணாம்னா" என்பாள். எல்லோரும் சிரிப்போம். ஆயில் மாற்றும் நாள் என்றாலே இந்தப் பேச்சும் உண்டு. அப்பா கழற்றிப் போடும் பழைய வாஷர்களை மாமா கழுவித் துடைத்து எனக்குத் தருவார். நான் அவற்றைப் பட்டு நூலில் கோத்து பொம்மைக்கு வளையல் போடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் எது ஒழுகினாலும் மாமாவின் மருந்து பட்டுக் கழிவு நூல்தான். குழாயின் மரையில் சுற்றுவார். சைக்கிள் பம்பில் சுற்றுவார். மண்ணெண்ணெய் கேனின் மூடியில் சுற்றுவார். ஒழுகல் நின்றுவிடும். பாதி ஊரில் இதுதான் வழக்கம். தண்ணீர்க் குழாய் விஷயத்தில் அது தப்பும் இல்லை.

மாமாவுக்கு ஆரணியில் பெண் பார்த்திருந்தார்கள். அங்கேயும் நெசவுக் குடும்பம்தான். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மாமா தறியில் பாட ஆரம்பித்தார். நிச்சயப் புடவையை அவரே நெய்தார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. முந்தானையில் என்ன போட்டிருக்கிறார் என்று எங்களுக்குக்கூடக் காட்டவில்லை. துணி போட்டு மூடிவைத்திருந்தார். அப்பாவும் அம்மாவும்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள். வேறு யாரும் அவருக்கு இல்லை.

பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மத்தியானம் அப்பா மாமாவைச் சைக்கிளில் அனுப்பினார், ஆயிலும் வாஷரும் வாங்கிவர. வழக்கமாக வாங்கும் கடை இருந்த வீதியில் சாமி புறப்பாடு என்று கயிறு கட்டிவிட்டார்கள். மாமா பெட்ரோல் பங்கில் ஆயிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். ஓரிக்கை போகிற வழியில் இன்னொரு கடை உண்டு. அங்கே போகவில்லை.

"வாஷர் எங்கடா?"

"கடை மூடியிருக்குது மாமா. இருக்கறதே போதும். நான் ஒரு சுத்து நூல் சுத்திக் குடுக்கறேன், பாரு, பொட்டு ஆயில் வெளிய வராது."

அப்பா திட்டினார். ஆனால் ஆயிலை அதற்குள் வடித்துவிட்டிருந்தார். கார் பலகைமேல் வெறும் வயிற்றோடு நின்றது. மாமா பழைய வாஷரைக் கல்லில் தேய்த்துச் சமமாக்கினார். பிளக்கின் மரையில் நூலைச் சீராக, தறி நாடாவுக்கு ஊடை நூல் தார் சுற்றுவது மாதிரி அழகாகச் சுற்றினார். அப்பா அதை வாங்கிக்கொண்டு அடியில் படுத்தார். நான் மூன்றாம் வகுப்பு. டார்ச் பிடிப்பது என் வேலை, அதனால் நானும் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தேன்.

வழக்கமாக அப்பா ஸ்பேனரைப் போட்டு, ஒரு மூச்சில் முடுக்கி, கடைசியில் "ம்" என்பார். அந்த "ம்" வந்தால் முடிந்தது என்று அர்த்தம். அன்று அது வரவில்லை. வலது கையால் முடுக்கினார். நிறுத்தினார். கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தார். கட்டை விரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. நானும் என் கட்டை விரலை அதேபோல் ஆட்டிக் காட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை. "ஆயில் வழுக்குது, துணி குடும்மா" என்றார். துடைத்துக்கொண்டு இடது கைக்கு ஸ்பேனரை மாற்றினார். மறுபடி வலது கைக்கு மாற்றினார்.

வெளியே மாமாவின் கால்கள் தெரிந்தன. "இன்னா மாமா, தூங்கிட்டியா? தள்ளு, நான் ஒரு கை போடறேன்."

"உன் தறியப் பார்றா. வண்டிய நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு கடுமையாக அப்பா பேசி நான் கேட்டதில்லை. வாஷர் வாங்கி வராத கோபம் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். கால்கள் தயங்கி நின்றுவிட்டு உள்ளே போயின.

மறுநாள் காலை சொந்தக்காரர்கள் ஒரு வேனில் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் காரில். முன்சீட்டில் மாமா புதுப் பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பின்சீட்டில் அம்மாவும் நானும், எங்கள் மடியிலும் பக்கத்திலும் தட்டுகள். மேல் தட்டில் அந்த மஞ்சள் புடவை.

"பொண்ணுகிட்ட தறிக் கதையா பேசிக்கினு இருக்காத. நாலு வார்த்தை நல்லதா பேசு" என்றாள் அம்மா.

"அது தறிக்காரர் வீட்டுப் பொண்ணுக்கா. அதுக்கு நல்ல வார்த்தையே தறிதான்."

பாலம் தாண்டினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அப்பா திடீரென்று "ஐயோ" என்றார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அவர் ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இரும்பை இரும்பில் போட்டுத் தேய்த்தாற்போல் ஒரு சத்தம் போட்டது. பிறகு ஒன்றும் இல்லை. புளியமரத்தில் கிளிகள் கத்தியது கேட்டது. கருகிய வாடை வந்தது.

மாமா இறங்கிக் காருக்குப் பின்னால் பார்த்தார். ரோட்டில் நாங்கள் வந்த வழி நெடுகக் கறுப்பாக ஆயில் கோடு. செருப்பில்லாமல், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வெயிலில் சின்னதாகிக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது கையில் பிளக் இருந்தது. வாஷர் எங்கோ போய்விட்டது. மரையில் அவர் சுற்றிய நூல் கறுத்து, இன்னும் அப்படியே இருந்தது.

"என்னாலதான் மாமா" என்றார். "ஒரு வாஷர். அதை வாங்கியாந்திருக்கலாம்."

அப்பா பிளக்கை வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தோம். ஆரணியில் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ராகுகாலம் தொடங்கிவிட்டிருந்தது. வேனில் வந்தவர்கள் வாசலில் எழுந்து நின்றார்கள். பெண்ணின் அத்தைதான் முதலில் பேசினாள்.

"நல்ல காரியத்துக்குக் கெளம்பி வர்ற வழியில வண்டி உயிரே போச்சுன்னா, நாங்க இன்னான்னு எடுத்துக்கறதும்மா?"

"நட்டு கழண்டுகிச்சுங்க, வேற ஒண்ணும் இல்ல" என்று அம்மா கெஞ்சினாள். "இவன்தான், என் தம்பிதான், ஒரு வாஷர் வாங்கித் தராம..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். நிறுத்தியும் பயனில்லை. அந்த அத்தை மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். சகுனக் கேடு பாதி, அதற்குக் காரணமே மாப்பிள்ளைதான் என்பது மீதி. உள்ளே கதவிடுக்கில் ஒரு பச்சைப் புடவை அசைந்தது. அதைத் தவிர அந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லை. சாப்பாடு போட்டார்கள், யாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கவில்லை. வேறு நாள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வேறு நாள் வரவில்லை. வேண்டாம் என்ற சேதி தரகர் மூலம் வந்தது. மஞ்சள் புடவை தட்டோடு எங்களோடு வேனில் திரும்பி வந்தது. முந்தானையில் மாமா என்ன நெய்திருந்தார் என்பதை அம்மா அதைப் பீரோவில் வைக்கும்போதுதான் பார்த்தேன். ஜோடி ஜோடியாகக் கிளிகள்.

ஆரணியிலிருந்து வீடு திரும்பிய அன்று சாயங்காலம் நடந்ததுதான் எனக்கு அதிகம் நினைவிருப்பது. அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கூடத்தில் நின்றார். மாமா நேராக வந்து அப்பாவின் காலில் விழுந்தார்.

"உன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன் மாமா. வண்டியும் போச்சு. உன் பேரும் போச்சு."

தன் கல்யாணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. அப்பா குனிந்து அவரைத் தூக்குவார் என்று காத்திருந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார், வலது கையை முதுகுக்குப் பின்னால் இடது கையால் பிடித்துக்கொண்டு. அப்புறம் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மாமா தரையில் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். அம்மா, "எழுந்திரு, அவருக்குக் கோபம் ஆறட்டும்" என்றாள்.

கோபம் ஆறவில்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். மாமா தறியைக் கழற்றிப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கூட்டாளி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். முன் அறையில் தறிக்குழி மட்டும் இருந்தது. அம்மா அதன்மேல் பலகை போட்டு மூடினாள். அதன் பிறகு மாமாவுக்கு ஒன்றிரண்டு ஜாதகம் வந்தது. கார் கதை அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு அவரே வேண்டாம் என்றுவிட்டார். அப்பா காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார். வேறு வண்டி ஓட்டச் சொல்லி ஆட்கள் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று ஒரு பட்டுக் கடையில் வாசலில் நின்று வரவேற்கும் வேலைக்குப் போனார். கார் போன துக்கத்தில் மனுஷன் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்கிறார் என்று ஊர் சொன்னது.

போன வருஷம் அப்பாவை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நடக்கும்போது கால் தேய்கிறது, கை ஆடுகிறது, குரல் உள்ளே போகிறது என்று. நடுக்குவாதம் என்றார் டாக்டர். பிறகு, கையில் எப்போதிலிருந்து மாற்றம் என்று கேட்டார். நான் மூன்று வருஷம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என் மச்சான் நிச்சயத்துக்கு முன்னாடியே டாக்டர்" என்றார் அப்பா. "ஒரு நட்டு முடுக்க முடியல."

டாக்டர் தலையை ஆட்டி, எழுதிக்கொண்டார். அவருக்கு அது ஒரு காலக் கணக்கு.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். பழைய வாஷரால் ஆயில் சொட்டும். வாசலில் கறை விழும், ரொம்பப் போனால் அளவு குறையும். பிளக் கழன்று விழாது. பிளக் விழுந்தால் அது முடுக்கப்படவில்லை என்று பொருள். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறேன். நூலுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது; மரையில் நூல் இருந்தால் முழுதாக இறுகும் முன்பே இறுகிவிட்டதுபோல் கைக்குத் தோன்றும். ஆனால் அப்பாவின் கை அப்படி ஏமாறுகிற கை இல்லை. அந்த "ம்" வரவில்லையே. என் தொழிலில் நான் தினமும் பார்ப்பதை என் வீட்டுக் கதையில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "கை ஆடுதுன்னு தெரிஞ்சா சவாரிக்கு யாரும்மா கூப்புடுவாங்க? நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவன் கால்ல விழுந்தான் பாரு, அதுக்கப்புறம் வாய் வரல."

"நான் சொல்லட்டுமாப்பா?"

"வேணாம். அது நான் சொல்லணும்."

அன்று கூடத்தில் அப்பா கோபத்தில் நிற்கிறார் என்று நான் நினைத்தேன். எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம், தப்பு செய்தவர் காலில் விழுவார், நிற்பவர் மன்னிப்பார் என்பதுதான். தப்பு செய்தவரே நின்றுகொண்டிருக்கவும் கூடும் என்பது தெரியாது. ஒரு மனிதர் தன் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பது ஒளித்துவைப்பதற்காக என்பதும் தெரியாது.

அப்பாவுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டதும் மாமா வந்துவிட்டார். காலையில் தறியில் உட்காரும் முன் சைக்கிளில் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிறார், சட்டைக்குப் பொத்தான் போடுகிறார். "ஆடாத மாமா. தறிமேல உக்காந்துக்கினு சவரம் பண்ற மாதிரி இருக்குது" என்பார். அம்மா காபி கொடுக்கும்போது, "இவ்ளோ அக்கறை அன்னிக்கி அந்தக் கடை வரைக்கும் போறதுல இருந்திருக்கணும்" என்று இன்னமும் சொல்கிறாள். மாமா தலையைக் குனிந்து, "ஆமாக்கா" என்கிறார். அப்போது அப்பாவின் உதடு அசைகிறது. மாமா சோப்பு நுரை வாயில் போகிறதென்று துண்டால் துடைத்துவிடுகிறார்.

இப்போதைய நிலைமை இது. அப்பாவின் குரல் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கிறது. அவர் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்வதற்கு அவர் அனுமதி தரவில்லை. மாமா இன்று காலையும் வந்துவிட்டுப் போனார்.